நிழல்மரம் பட்டுப்போகிறதா? வன்னி வளவுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மாரிக்கு முன் கன்று வாங்கிப் போனவர்கள் ஆவணியில் திரும்பி வருவார்கள், காய்ந்த கன்றைப் பிடுங்கிச் சொப்பின் பையில் போட்டுக்கொண்டு. "அண்ணை, நீங்கள் தந்தது பட்டுப்போச்சு." சின்ன நாற்றுமேடை வைத்திருக்கிற எனக்கு இது வருடாவருடம் வருகிற திருவிழா. ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எதை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் கேட்பது என்று ஓர் ஒழுங்கு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னிப் பக்கத்து நிழல்மரங்கள்: பாலை, மருது, வேம்பு, இலுப்பை, புளி. புளியங்குளம், வேப்பங்குளம், இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பேர் கொடுத்த மரங்கள்தான். ஊருக்குப் பேர் வைக்கிற அளவுக்கு வளர்ந்தவை நம் வளவில் (வீட்டு நிலத்தில்) மட்டும் ஏன் பட்டுப்போகின்றன? பெரும்பாலும் நம் கையால்தான். உங்கள் மரத்தில் தெரிகிற குறியைத் தேடி நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

எந்தக் குறியானாலும் முதலில் இது

நகத்தால் சுரண்டுங்கள். தண்டின் நுனியில் ஒரு நெல்லளவு பட்டையை நகத்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே பச்சையாக, தொட்டால் ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. கபில நிறத்தில் காய்ந்து கிடந்தால் அந்த இடம் செத்துவிட்டது. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடியும் சுரண்டுங்கள். நிலமட்டம் வரைக்கும் பச்சை இல்லையென்றால்தான் கன்று பட்டது என்று சொல்லலாம்.

போன வருடம் ஒருவர் எறியக் கொண்டுவந்த வேப்பங்கன்றில் இலை ஒன்றுகூட இல்லை. சுரண்டிக்கொண்டே வந்தால் வேருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் பச்சை. அதற்குச் சற்று மேலே வெட்டி, பையில் வைத்து நிழலில் விட்டேன். ஐப்பசி மழைக்கு மூன்று துளிர். வந்தவருக்கு அதையே திரும்பக் கொடுத்தேன், நம்பவில்லை.

## குறி: நட்ட கன்று வாடித் தொங்குகிறது

எப்போது நட்டீர்கள்? தைக்குப் பிறகு என்றால் மற்றக் கேள்விகள் தேவையில்லை, காரணம் அதுதான். வன்னியில் ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் வேர் இறங்க மூன்று மாத மழை கிடைக்கும். கார்த்திகையை மரநடுகை மாதம் என்று வடக்கில் வைத்தது சும்மா இல்லை. ஆனால் ஆனி (யூன்) 5 உலகச் சுற்றாடல் தினம் என்று படம் பிடிக்க நடுகிறார்களே, அந்தக் கன்றுகளை நினைத்தால் பாவமாக இருக்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்து நிலம் வெடிக்கிற காலத்தில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

சரி, மாரியில்தான் நட்டீர்கள். நடுவிரலை மண்ணுக்குள் முழுதாக இறக்குங்கள்.

விரலுக்குக் காய்ந்த மண் பட்டால்: தண்ணீர் போதவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் ஊத்துறனான்" என்பார்கள். அதுதான் பிழை. தினமும் ஒரு சிரட்டை ஊற்றினால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும். வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே நிற்கும். ஒரு நாள் கலியாண வீட்டுக்குப் போய்த் தங்கினால் கன்று முடிந்தது. கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் 20 லீற்றர் வாளி ஒன்று, அவசரப்படாமல் ஊற்றுங்கள். கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்தில் பாத்தி கட்டி வைக்கோலோ பனையோலையோ பரப்புங்கள், ஆனால் தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டு. தண்ணீருக்குத் தட்டுப்பாடான வளவென்றால், பழைய மண்குடம் ஒன்றைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடிவிடுங்கள். மெல்லக் கசிந்து வேரைத் தேடிப் போகும். பெயின்ற் அடித்த குடம் கசியாது, வெறும் சுட்ட மண்ணாக இருக்க வேண்டும்.

ஈரம் பட்டால்: தண்ணீரை உடனே நிறுத்துங்கள். ஈரமண்ணில் நின்று வாடுகிற கன்றுக்கு வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அதற்கு இன்னும் ஒரு வாளி ஊற்றுவதுதான் பலரும் செய்வது. பக்கத்தில் ஒன்றரையடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, பின்னேரம் தண்ணீர் நிரப்பி, விடிய வந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் வடிகால் இல்லை. முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணிலும், வயலை ஒட்டிய வளவுகளிலும் இப்படித்தான் இருக்கும். மாரியில் வாய்க்கால் வெட்டி விடுங்கள், அல்லது அடுத்த முறை ஓரடி மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். வேம்பு நின்ற தண்ணீரைத் தாங்காது. அந்த இடத்தில் மரம் வேண்டுமென்றால் மருதுக்கு மாறுங்கள். ஆற்றங்கரையிலும் குளத்துக் கரையிலும் பிறந்து வளருகிற சாதி அது.

ஈரமும் அளவாக இருக்கிறது, வடிகாலும் சரி: தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசையுங்கள். பல் ஆடுவது போல ஆடினால் வேரைக் கரையான் தின்றுவிட்டது. குழிக்குள் மக்காத சாணம் போட்டீர்களா என்று நான் கேட்பேன், தலையைச் சொறிவார்கள். பச்சைச் சாணமும் காய்ந்த இலை குப்பையும் கரையானுக்குக் கொடுக்கிற அழைப்பிதழ். நன்றாக மக்கிய எரு மட்டும் போடுங்கள்.

## குறி: சாகவும் இல்லை, வளரவும் இல்லை

மரம் பாலை என்றால் பொறுங்கள். முதல் சில வருடம் அது மேலே காட்டாது, கீழேதான் வேலை செய்யும். கனடாவில் இருக்கிற என் மச்சான் தன் வளவில் ஓக் மரம் வைத்துவிட்டு இதே முறைப்பாட்டைத்தான் சொன்னான். ஆணிவேர் இறக்குகிற வைர மரங்களின் குணம் அது. சந்தேகம் தீர ஒரு வழி: கார்த்திகையில் நுனிக்குருத்துக்குக் கீழே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். மாசியில் பாருங்கள். நூலுக்கு மேலே புது இலை வந்திருந்தால் மரம் சுகம். பாலையை நடுகிறவர் பேரப்பிள்ளைக்குத்தான் நடுகிறார். உங்களுக்கே நிழல் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு வேம்பையும் வையுங்கள்.

வேம்பு, மருது என்றால் ஒரு மாரிக்குள் அசைய வேண்டும். அசையவில்லையா?

மேலே மாமர நிழல் விழுந்து வெளிச்சத்தை மறைக்கிறதா பாருங்கள். அடுத்து, அடியில் புல் நெருங்கி நிற்கிறதா? மூன்றடி வட்டத்துக்குச் செருக்கி விடுங்கள், அதற்குச் செலவில்லை.

அப்புறம் சங்கடமான கேள்வி: பையை வெட்டினீர்களா? ஒருவருடைய மருது இரண்டு வருடமாக இடுப்பளவிலேயே நின்றது. கிண்டி எடுத்தோம். கறுத்தப் பொலித்தீன் பை அப்படியே, மேல்விளிம்புகூடக் கிழியாமல். உள்ளே வேர் இடியப்பம் பிழிந்தது போலச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அவர் மனைவி முகத்தைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தார். பையோடு நட்டது யார் என்று நான் கேட்கவில்லை. சுற்றின வேரை வெட்டிவிட்டு நடலாம், பிழைக்கவும் செய்யும். ஆனால் புதுக்கன்று வாங்குவது மலிவு, பின்னாளில் சாயாமலும் நிற்கும்.

கடைசியாகக் கிறவல், அதாவது சரளைக்கல் மண். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு கட்டிய வீடுகள் பலவற்றின் வளவில் கிறவல் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். அலவாங்கை ஒரே இடத்தில் மூன்று தரம் ஓங்கிப் போடுங்கள். அரையடிகூட இறங்காமல் 'டங்' என்றால் வேருக்கும் அதே கதிதான். மழை பெய்து நிலம் இளகும்வரை காத்திருந்து, இரண்டடி ஆழம், மூன்றடி அகலத்தில் குழி வெட்டி, அடியை அலவாங்கால் குத்தி உடைத்துவிடுங்கள். உடையவே இல்லையென்றால் யாராவது பக்கத்தில் ஜே.சி.பி. வேலைக்குக் கூப்பிடுகிற அன்று அரை மணித்தியாலம் கேட்டு வெட்டுவிக்கலாம்.

இங்கே நிறுத்துங்கள்: குழி வெட்டும்போது அலவாங்கு உலோகத்தில் பட்டால், அல்லது மண்ணில் தெரியாத பொருள் ஏதும் தட்டுப்பட்டால், இழுக்கவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். வந்த அடியிலேயே திரும்பி நடந்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள், கிராம அலுவலருக்கும் தெரிவியுங்கள். "பழைய இரும்பாக இருக்கும்" என்று முடிவெடுக்கிற வேலை நம்முடையது அல்ல.

## குறி: இலை மஞ்சளாகிறது, கொட்டுகிறது

மாசி, பங்குனியில் வேம்பும் இலுப்பையும் இலை கொட்டுவது நோய் அல்ல. வேம்பு கொட்டிவிட்டுத்தான் தளிர்த்துப் பூக்கும், அந்தப் பூவில்தான் வடகம் போடுகிறோம். வெய்யிலுக்கு மருதும் கொட்டும். அதன் பட்டை வேறு தகடு தகடாக உரிந்து உள்ளே வெளிறித் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து சுண்ணாம்பு பூச வேண்டாம், மருதின் பட்டை அப்படித்தான். ஆனால் பாலை வருடம் முழுதும் பச்சையாக நிற்கிற மரம். பாலை மொத்தமாகக் கொட்டினால் விளையாட்டில்லை, கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: மண்ணில் சுண்ணாம்புத் தன்மை கூடினால் மரம் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். பூநகரி, மன்னார்க் கரையோரத்துச் சுண்ணக்கல் நிலங்களில் இதை எதிர்பார்க்கலாம். வேறு பக்கமென்றால் வீடு கட்டும்போது சீமெந்து குழைத்த இடம் எது என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே இடத்தில்தான் "வெறுமனே கிடக்குது" என்று மரம் வைத்திருப்பீர்கள். கல்லையும் சாந்தையும் பொறுக்கி எடுத்து, மக்கிய இலைப்பசளையைத் தாராளமாகப் போடுங்கள். ஒரு மாரி போயும் மாறவில்லையென்றால் விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இலையின் ஓரம் தீய்ந்து கருகுகிறது: சோளகக் காற்று மட்டுமென்றால் காற்றடிக்கிற பக்கத்து இலைதான் கருகும். கிடுகு கட்டி மறைத்தால் போதும். எல்லாப் பக்கமும் கருகினால் உப்பு. பாத்தியில் வெள்ளைப் படை படிந்திருக்கிறதா பாருங்கள். கிணறு உவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாமல் நடப்பது வேறொன்று. சுத்திகரித்த குடிநீர் வழங்கும் ஆர்.ஓ. நிலையத்தின் கழிவுநீர் சும்மா ஓடுகிறதே என்று குழாய் இழுத்து மரத்துக்கு விட்ட வளவு ஒன்றைப் பார்த்தேன். நல்ல மனசுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து அந்தக் கழிவில்தான் வருகிறது. குழாயை மாற்றிவிட்டு, மாரி மழை நிலத்தைக் கழுவும்வரை நல்ல தண்ணீர் விட்டார்கள். புது இலை சுத்தமாக வந்தது. யூரியாவை அள்ளிப் போட்டாலும் இதே கருகல் வரும். வன்னிக் காட்டு மரத்துக்கு யூரியா எதற்கு?

## குறி: தண்டில் புற்றுமண் ஏறுகிறது

தும்புத்தடியால் தட்டிவிட்டு, கீழே இருக்கிற பட்டையை அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் கரையான் செத்த மேல்பட்டையைத்தான் மேய்கிறது, மரத்துக்கு ஒன்றுமில்லை. தட்டிவிட்டுக்கொண்டே இருங்கள். பட்டை பொதுக்கென்று உள்ளே போனால் அந்த மரம் முன்பே வேறு எதனாலோ நொந்திருக்கிறது, கரையான் பிறகுதான் வந்தது. அந்த 'வேறு எதை' மற்றத் தலைப்புகளில் தேடுங்கள். மருந்துக் கடையில் கேட்டுக் கண்டதையும் ஊற்றாதீர்கள், கிணறு பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

## குறி: ஒரு கொப்பில் மட்டும் வேறு மரத்து இலை

குருவிச்சை. குருவி கொண்டுவந்து ஒட்டிய விதை, மரத்தின் சாற்றை உறிஞ்சி வளருகிறது. இலையைப் பிடுங்கினால் திரும்ப வரும். ஒட்டின இடத்துக்கு ஓரடி உள்ளே, கொப்போடு சேர்த்து வெட்ட வேண்டும். நடுத்தண்டில் ஒட்டியிருந்தால் முழுதாக எடுக்க முடியாது, வருடா வருடம் சீவிக்கொண்டிருங்கள். கவட்டில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் பென்சில் தடிப்பாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

## குறி: நேற்றிருந்த குருத்து இன்றில்லை

ஆடு. அல்லது கட்டாக்காலி மாடு. ஆராய்ச்சி தேவையில்லை. நாலு கதியால் (வேலித்தடி) நட்டு முள்ளுக்கொப்பு சுற்றுங்கள், ஆட்டின் கழுத்து எட்டாத தூரத்துக்கு. யானை வருகிற ஊரென்றால் கூடு உதவாது, அது மின்வேலிக் கதை.

## குறி: மரம் சாய்கிறது

கன்று என்றால் மழைக்கு மண் இளகியிருக்கும்போது நிமிர்த்தி, காலால் மிதித்து இறுக்கி, இரண்டு பக்கமும் தடி நட்டு, பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி எட்டு வடிவில் கட்டுங்கள். தளர்வாக. கொஞ்சம் ஆடுகிற மரம்தான் தண்டு தடிக்கும். அடுத்த மாரிக்குள் கட்டை அவிழ்த்துவிடுங்கள், மறந்தால் ரியூப் பட்டைக்குள் புதைந்துவிடும்.

பெரிய மரம் என்றால் சாய்கிற பக்கத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து நிலத்தைப் பாருங்கள். மண் உப்பி வெடித்திருக்கிறதா? சிறு வயதில் இருந்தே சாய்ந்து நிற்கிற மரம் வேறு. புதிதாகச் சாய்ந்து நிலமும் வெடித்திருந்தால் வேர் விட்டுவிட்டது. 2020 மார்கழியில் (டிசெம்பர்) புரெவிப் புயல் வந்தபோது என் அயலில் விழுந்த இரண்டு மரங்களுக்கும் ஒரு பக்க வேர், மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோதே போயிருந்தது.

இங்கே நிறுத்துங்கள்: கயிறு கட்டி இழுக்கிற யோசனை வேண்டாம். மரம் சாய்கிற பக்கத்து அறையில் படுக்காதீர்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் 1987க்கு எடுத்து மின்சார சபைக்குச் சொல்லிவிட்டு, பிறகு மரம் தறிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

## குறி: வளர்ந்த மரத்தின் உச்சி காய்கிறது

இதற்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். பெரிய மரம் இன்று காட்டுகிற நோய் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்திய அடியினால் வந்தது. "இந்த வருடம் ஒண்டும் செய்யேல்லையே" என்பது பதில் இல்லை.

மண் கொட்டினீர்களா? மரத்தின் அடியைப் பாருங்கள். நல்ல மரம் நிலத்தில் இறங்கும் இடத்தில் யானைக்கால் போல அகன்றிருக்கும். கம்பம் நட்டது போல நேராக இறங்கினால் யாரோ மண் நிரப்பியிருக்கிறார்கள். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலும் சிரட்டையாலும் கிளறி, வேர் பிரிகிற இடம் தெரியும்வரை மண்ணை அள்ளுங்கள். ஒரு புளிக்கு முழங்கால் உயரத்துக்கு மண் எடுத்தோம். உள்ளே பட்டை ஊறி, நாறத் தொடங்கியிருந்தது.

சீமெந்துக் கட்டு கட்டினீர்களா? இருந்து கதைக்க நல்லதுதான், தண்டை நெரிக்காமல் குறைந்தது மூன்றடி தள்ளியிருந்தால்.

கம்பி இருக்கிறதா? உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பி பட்டைக்குள் விழுங்கப்பட்டு இருக்கும், தடவித் தேடுங்கள். இழுத்துப் பிடுங்காமல், வெளியில் தெரிகிற பகுதியை மட்டும் வெட்டி விடுங்கள்.

நெருப்பு? அடியில் குப்பை கொளுத்துகிற பழக்கம், அல்லது வைரவர் சூலம் சாத்தியிருக்கிற மரத்தில் தண்டோடு ஒட்டி விளக்கும் கற்பூரமும். வைரவர் கோபிக்க மாட்டார், விளக்கை ஒரு கை தள்ளி வையுங்கள்.

வறட்சியா? தண்டடியில் ஊற்றிப் பயனில்லை. உறிஞ்சுகிற வேர் கொப்பு நுனிக்கு நேர் கீழேயும் அதற்கு வெளியேயும் இருக்கிறது. அந்த வட்டத்தில் மாதம் ஒரு தரம் ஊற விடுங்கள்.

இவை எதுவும் இல்லை, அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறது, அல்லது கத்திப் பிடியால் தட்டினால் பீப்பாய் போல ஒலிக்கிறது என்றால் உள்ளே உக்கிவிட்டது. அத்தோடு உங்கள் வேலை முடிந்தது, அனுபவமுள்ள தறிக்கிறவர் ஏறிப் பார்க்கட்டும். காய்ந்த கொப்பை மட்டும் எடுத்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள். உச்சியை மொட்டை அடிக்கச் சொல்லாதீர்கள், வெட்டுவாயால் உக்கல் இன்னும் வேகமாக இறங்கும். முழு மரமும் போக வேண்டுமென்றால் கோடரி எடுக்கும் முன் கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். வெட்டின மரத்தை அனுமதி இல்லாமல் ஏற்றினால் லொறியோடு பிடிபடும்.

கூலி பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். 2009இல் போர் முடிவதற்கு முந்திய மரம் என்றால் உள்ளே செல் (எறிகணை) துண்டு இருக்கலாம், பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியில் தெரியாது. தண்டில் பழைய தழும்போ வீக்கமோ இருந்தால் கையால் தொட்டுக் காட்டுங்கள். சொல்லாமல் விட்டு மெசின் வாளின் சங்கிலி அறுந்தால் அதன் விலையும் உங்கள் கணக்கில்தான் வரும்.